என்ன கதை ஓடுது?

பழவேற்காட்டில் நான் முதன்முதலாகக் கேட்ட கேள்வியே தப்பாகிப்போனது. என் மாணவியின் ஊர் அது. அவளுடைய பெரியம்மா, மீன் ஏலம் முடிந்த கரையில் உட்கார்ந்து இறாலைப் பெரிது சிறிதாகப் பிரித்துக்கொண்டிருந்தார். "எங்க தமிழ் அம்மா, கவிதையெல்லாம் எழுதுவாங்க" என்று மாணவி என்னை அறிமுகப்படுத்தினாள். புத்தகங்களைப் பற்றிப் பேச்சைத் தொடங்கலாம் என்று நினைத்து, "என்ன படிக்கிறீங்கக்கா?" என்று கேட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. "நான் எங்கம்மா படிச்சேன்? அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க. தம்பியப் பாத்துக்க ஆள் வேணுமே" என்றார். நாற்பது வருடத்துக்கு முந்தைய பழியை நான் வந்து விசாரித்ததைப்போல இருந்தது அந்தக் குரல்.

மாணவிதான் காப்பாற்றினாள். "ஐய, அது இல்ல பெரிம்மா. இப்ப என்ன கதை ஓடுதுன்னு கேக்குறாங்க."

அவ்வளவுதான். இறாலில் இருந்த கை நிற்கவில்லை, ஆனால் பேச்சு திறந்துகொண்டது. கைபேசியில் யாரோ ஒரு பெண் படித்துப் பதிவேற்றும் நாவல் ஒன்றை இரவு பாத்திரம் கழுவும்போது கேட்கிறாராம். நேற்றிரவோடு பதினேழாவது பாகம். கல்யாணமாகி வந்த வீட்டில் கதாநாயகியின் நகையை மாமியார் அடகு வைத்துவிட்டாள்; புருஷனுக்குத் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. "அவன் நல்லவன்னு எழுதிக்கினு போறாங்க. எனக்கு அவன் மேல நம்பிக்கையே இல்ல" என்றார். பக்கத்தில் இருந்த இன்னொரு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் நாவலைக் கேட்டவர் இல்லை. பெரியம்மா அன்றாடம் இங்கே உட்கார்ந்து சொல்லுவதைக் கேட்டு வருபவர். "அவனுக்கும் ஒரு கஷ்டம் இருக்கும், இரு, வரும்" என்றார். முக்கால் மணி நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. எந்தக் கருத்தரங்கிலும் ஒரு கதாபாத்திரத்துக்காக இத்தனை அக்கறையோடு யாரும் சண்டையிட்டு நான் பார்த்ததில்லை.

பேச்சுத் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருக்கிறது. 'வாசிப்பு' எங்கள் மேடைகளில் புழங்கும் சொல். கரையில் வாசிப்பது என்றால் அது நாதஸ்வரம். 'படிப்பு' என்றால் பள்ளிக்கூடம், பரீட்சை, பாஸ், பெயில். படிப்பு பிடுங்கப்பட்ட பெண்ணிடம் போய் 'என்ன படிக்கிறீங்க' என்று கேட்டால் அவள் காதில் அது எப்படி விழும் என்று, தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய எனக்குத் தோன்றவில்லை. ஒரு பெண் தன் சந்தோஷத்துக்காக ஒன்றைப் படிப்பாள் என்பதற்குத் தனியாக ஒரு சொல்லைக்கூட நம் வீடுகள் வைத்துக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கம் இந்தக் கேள்வி எப்படிப் புழங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இப்போது எங்களுக்கு ஒரு பண்டிகை. அது நெருங்கும் டிசம்பரில் பத்திரிகைகளிலிருந்து அழைப்பு வரும். "இந்த ஆண்டு வாசித்ததில் உங்களுக்குப் பிடித்த பத்து நூல்கள்?" நானும் தவறாமல் எழுதி அனுப்புவேன். மொழிபெயர்ப்பு நாவல் இரண்டு, கோட்பாட்டு நூல் ஒன்று, இளங்கவிஞர் ஒருவரின் தொகுப்பு, பெரியவர் ஒருவரின் மறுபதிப்பு. உண்மையைச் சொன்னால் கடைசியாக நான் அனுப்பிய பத்தில் முழுதாகப் படித்து முடித்தவை ஆறு. மற்ற நான்கும் என் மேசையில் இருந்தன. அந்தப் பட்டியல் நான் எதை ரசித்தேன் என்பதைச் சொல்லவில்லை. நான் யார் என்று மற்றவர்கள் நினைக்கவேண்டும் என்பதைச் சொன்னது.

மாதச் சம்பளமும் தனி மேசையும் உள்ள எனக்கே நான்கு புத்தகங்கள் முடியவில்லை. என் வீட்டில் ஆண்கள் நாற்காலியில் அமர்ந்து படிப்பார்கள். நான் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்வரை படிப்பேன். ஒரு புத்தகத்துக்குப் பணத்தைவிட முன்னால் வேண்டியது, யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை எந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கு யார் கொடுத்திருக்கிறார்கள்?

பழவேற்காட்டுக்கே வருகிறேன். ஏரியில் வலை போடுவதற்கு இங்கே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை விடுவது என்று முறைவைத்துப் பங்கிடும் பழைய ஏற்பாடு. கடலியல் படித்தவர்களும் சமூகவியல் படித்தவர்களும் வந்து வியந்து எழுதிவிட்டுப்போன முறை. சண்டையில்லாமல் நீரைப் பங்கிட்டுக்கொள்ளும் அறிவு அதில் இருப்பது மெய்தான். ஆனால் அந்தப் பங்கு ஆண்களுக்கு, அதிலும் குறிப்பிட்ட சாதி ஆண்களுக்கு. பெண்ணுக்குப் பாடு இல்லை. பாடுபடுவது மட்டும் உண்டு. கரைக்கு வந்த மீனை ஏலத்தில் எடுத்து, கூடையில் சுமந்து, பொன்னேரிவரை கொண்டுபோய் விற்பது, மிஞ்சியதைக் கருவாடாக்குவது, இறால் உரிப்பது எல்லாம் அவர்கள் வேலை. இருளர் பெண்களும் தலித் பெண்களும் இடுப்பளவு, மார்பளவு நீரில் இறங்கிச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். இரண்டு கையும் சேற்றில், வாயில் பறி. மணிக்கணக்காக ஒரு வார்த்தை பேசமுடியாது.

இவர்களுக்குப் படிக்க எதுவுமே வருவதில்லை என்று சொல்லமாட்டேன். சுயஉதவிக் குழுவின் வரவு செலவு நோட்டு, கடன் அட்டை, ரேஷன் குறுஞ்செய்தி, பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் சுற்றறிக்கை, துறைமுக விரிவாக்கம் வேண்டாம் என்று கொடுக்கும் மனு. எல்லாமே யாருக்கோ கணக்குச் சொல்லவோ யாரிடமோ கேட்கவோ படிக்கவேண்டியவை. இவற்றோடு நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் நன்கொடைப் புத்தகங்களும் உண்டு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு நானே மூன்று பெட்டி சேர்த்திருக்கிறேன். பெட்டியைத் திறந்தால் பழைய போட்டித் தேர்வு வழிகாட்டி, வாழ்க்கையில் வெற்றி பெற நூறு வழிகள், நீதிக்கதைகள், ஆன்மிகம், குழந்தை வளர்ப்பு. நாம் வீட்டில் வைத்துப் படிப்பவை அல்ல, வீட்டிலிருந்து கழிப்பவை. மீனவப் பெண் முன்னேறவேண்டும், திருந்தவேண்டும், சிக்கனமாக இருக்கவேண்டும், பக்தியாக இருக்கவேண்டும். அவள் ஒரு கதையில் மயங்கிக் குழம்பைத் தீயவிட வேண்டும் என்று எந்த நன்கொடையாளரும் நினைப்பதில்லை.

இதே கரைக்கு நூல் வரலாற்றில் ஒரு இடம் உண்டு. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அந்தக் கோட்டையில் 1632 முதல் பத்தாண்டுகள் பாதிரியாக இருந்தவர் அப்ரகாம் ரொகேரியுஸ். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக்கேட்டு அவர் எழுதிய நூல், அவர் இறந்த பிறகு 1651இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் அச்சானது. பிராமணர்களின் சமயத்தை ஐரோப்பாவுக்கு விரிவாகச் சொன்ன தொடக்கக்கால நூல்களில் அது ஒன்று. பர்த்ருஹரியின் சதகங்களும் அதன் வழியாகத்தான் முதன்முதலில் ஐரோப்பிய மொழிக்குப் போயின. பர்த்ருஹரியின் பெயரில் வழங்கும் சதகங்கள் மூன்று: நீதி, சிருங்காரம், வைராக்கியம். பழவேற்காட்டிலிருந்து கப்பலேறியவை இரண்டுதான். நீதி போனது, வைராக்கியம் போனது. சிருங்காரம் விடுபட்டது.

சொன்னவர் ஆண், எழுதியவர் ஆண், இன்பத்தை விட்டுவிட்டு மற்றதைப் பரிமாறிக்கொண்டார்கள். அதே நூற்றாண்டில் அதே துறையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகவும் ஏற்றி பத்தேவியாவுக்கு அனுப்பினார்கள். கோட்டைக்கு வெளியே மீன் விற்றவளிடம் அவளுக்குப் பிடித்த கதை எது என்று ரொகேரியுஸ் கேட்டிருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் சங்கடம் வேறு. முந்நூற்றெழுபது ஆண்டுகள் கழித்து நான் கொண்டுபோன மூன்று பெட்டியிலும் அதே இரண்டு சதகம்தான் இருந்தது. நீதியும் வைராக்கியமும்.

பெண்ணின் வாசிப்பு இன்பத்தைக் கண்டு இந்தச் சமூகம் எப்போதும் பதறியிருக்கிறது. தமிழில் நாவல் பரவத் தொடங்கிய காலத்தில், அதைப் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று எழுதித் தள்ளினார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' அந்தப் பதற்றத்தின் வரலாற்றைச் சொல்கிறது. கெட்டுப்போவார்கள் என்று இன்று யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. சிரிக்கிறார்கள். "ரமணிசந்திரன் படிக்கிறவங்களா நீங்க?" என்று கேட்டு வகுப்பறையில் நானும் சிரித்திருக்கிறேன். முதல் வரிசையில் இருந்த ஒரு பெண் தன் பையை மெல்ல மூடினாள். பையில் என்ன இருந்தது என்று அன்று நான் கேட்கவில்லை. அவள் வீட்டில் முதல்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள். ஒரு புத்தகத்தைப் பிடித்துப்போய் அதைப் பையில் வைத்துச் சுமந்து வந்த பெண்ணை, இலக்கியத்தின் பெயரால் வெட்கப்படவைத்தேன். அதற்குப் பிறகு அவள் வகுப்பில் எந்தப் புத்தகத்தைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. அந்த நாவல்களில் பணக்கார நாயகனும் பொறுமையான நாயகியும் திரும்பத் திரும்ப வருவதைப் பற்றிப் பேசவேண்டியது நிறையவே இருக்கிறது. பெரியம்மாவைப்போல "எனக்கு அவன் மேல நம்பிக்கையே இல்ல" என்று படிப்பவளே சொல்லிவிடுவாள். முதலில் அவளைப் படிக்கிறவள் என்று ஒத்துக்கொள்ளவேண்டும்.

இருபது வருடமாக நெய்தல் திணை நடத்துகிறேன். உரிப்பொருள் இரங்கல் என்று கரும்பலகையில் எழுதிப்போடுவேன். அம்மூவனார், உலோச்சனார் பாட்டுகளில் கானலும் கழியும் புன்னையும் வரும். மீன் உணக்கிக் காத்து, கவரவரும் பறவைகளை ஓட்டும் பெண்ணும் வருவாள். அழகான பாட்டுகள், எனக்கு உயிர். ஆனால் இருபது வருடமாக ஒரு காரியத்தை நான் கவனிக்கவில்லை. கடற்கரைப் பெண் எங்கள் பாடத்தில் எப்போதும் படிக்கப்படுகிறவள். அவள் என்ன படிப்பாள், எதை ரசிப்பாள் என்ற கேள்விக்குப் பாடத்திட்டத்தில் இடமே இல்லை. இரங்குவதற்கு மட்டும் கரையில் நிற்கவைத்து, அந்த இரங்கலை நாங்கள் ரசிக்கிறோம்.

இந்த இடத்தில் என் நண்பர்கள் சிலர் குறுக்கிடுவார்கள். "அவர்களுக்கு எதற்குப் புத்தகம்? அவர்கள் ஏரியையே வாசிக்கிறார்களே. காற்றை, நீரோட்டத்தை, முகத்துவாரத்தை வாசிக்கிறார்களே." கேட்க இனிமையாக இருக்கும். சேற்றில் விரல் வைத்து இறாலை அறிவது பெரிய அறிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அது அவள் தொழில். மென்பொருள் எழுதும் ஆணிடம் "நீங்கள்தான் கணினியையே வாசிக்கிறீர்களே, உங்களுக்கு எதற்கு நாவல்?" என்று யாரும் கேட்பதில்லை. வேலையின் அறிவைப் புகழ்ந்து, ஓய்வின் இன்பத்தை மறுக்கிற தந்திரம் இது. தாய்மையைப் புகழ்ந்தே நம்மை அடுக்களையில் வைத்ததற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

"வீட்டில் புத்தகம் இருக்கா?" என்று இன்னொருமுறை போனபோது கேட்டேன். "இருந்தா மட்டும்? தொட்டா கவுச்சி ஒட்டிக்கும்மா. நூலகத்துப் புக்குன்னா இன்னா சொல்வாங்க?" என்றார் கூடை சுமந்து விற்கும் அக்கா ஒருவர். புத்தக வாசனை பற்றி நாங்கள் எத்தனை கவிதை எழுதியிருக்கிறோம்! புதுத் தாளின் மணம், பழைய தாளின் மணம். அந்த வாசனையைக் கொண்டாடுகிற அதே ஊரில், 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்ற ஒரு மூதாட்டியை நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலமைச்சர்வரை கண்டித்தார். கண்டித்ததும் நல்லதுதான். ஆனால் தன் உடம்பு நாறும் என்று நம்பவைக்கப்பட்ட பெண் நூலகத்தின் படியை ஏறமாட்டாள். அவளை யாரும் இறக்கிவிட வேண்டியதில்லை. அவளே ஏறாமல் இருந்துவிடுவாள்.

ஏறினாலும் கதவு திறந்திருக்கவேண்டும். சுதந்திர இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது இந்த மாநிலம், 1948இல். சொத்துவரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் கட்டுகிறோம். குப்பத்தில் வீட்டு வரி கட்டும் பெண்ணும் கட்டுகிறாள். ஆனால் ஊர்ப்பக்கத்துச் சிறு நூலகங்கள் பெரும்பாலும் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் திறக்கும், நடுப்பகலில் மூடியிருக்கும். காலையில் அவள் ஏலத்தில் நிற்கிறாள், அல்லது சந்தையில். மாலையில் அடுப்படியில். விற்றுத் திரும்பி, சாப்பிட்டு, வெயில் தாழும்வரை மரத்தடியில் உட்காரும் அந்த இரண்டு மணி நேரம்தான் அவளுடையது. சரியாக அந்த நேரம் பார்த்துக் கதவில் பூட்டு. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். வாசகரின் நேரத்தைக் காப்பாற்றவேண்டும் என்பது அதில் நான்காவது. அந்த வாசகர் அலுவலகம் விட்டு வரும் ஆணாக இருந்தால்தான் நமது நேர அட்டவணை பொருந்துகிறது. அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மாட்டுவண்டி போன தூரம் இன்று நம் வேன் போவதில்லை.

காதால் கேட்பது படிப்பு ஆகுமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் புத்தகம் கண்ணுக்கு மட்டும் உரியதாக இருந்த காலம் மிகக் குறைவு. அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, நல்லதங்காள் கதை ஆகியவற்றை இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்றவர்கள் பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்றார்கள். எழுத்துத் தெரிந்த ஒருவர் இராகம் போட்டுப் படிக்க, தெருவே உட்கார்ந்து கேட்டது. நூற்றுப் பதினைந்து நாவல்கள் எழுதிய வை. மு. கோதைநாயகியை எடுத்துக்கொள்ளுங்கள். 1901இல் பிறந்தவர், ஐந்தரை வயதில் கல்யாணம், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் சொல்லச்சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்ததுதான் முதல் நூலான 'இந்திர மோகனா' நாடகம். 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து நடத்தினார். ஒரு பெண் சொல்ல இன்னொரு பெண் எழுத, தெருவில் உள்ள பெண்கள் கேட்க, இப்படித்தான் நம் நாவல் வளர்ந்தது. இறால் பிரிக்கும் இடத்தில் பதினேழாம் பாகத்தைச் சொல்லும் பெரியம்மா பட்டம்மாளுக்கும் கோதைநாயகிக்கும் உறவுக்காரி. அவரை வாசகி இல்லை என்று சொல்ல எனக்கு எந்தப் பட்டம் தகுதி கொடுத்தது?

அதனால் கேட்டது போதும் என்று விட்டுவிடச் சொல்லவில்லை. அஞ்சாவதில் நிறுத்தப்பட்டது அநியாயம். அந்த எழுத்து அவர்களுக்குத் திரும்ப வரவேண்டும். கேட்பதை வைத்து ஏமாற்றிவிட்டு அச்சை நாம் மட்டும் வைத்துக்கொள்ளக்கூடாது. நான் கேட்பவை சிறியவை. கடற்கரை ஊர்களின் நூலகங்கள் பெண்களின் மதியத்தில் திறக்கவேண்டும். வாசலில் ஒரு குழாயும் சோப்பும் வைத்தால், கை கழுவிவிட்டு உள்ளே வரட்டும், யாரும் முகம் சுளிக்காமல். புத்தகம் வாங்கும்போது அவர்களைக் கேட்டு வாங்கவேண்டும். மாத நாவல் கேட்டால் மாத நாவல், கவிதை கேட்டால் கவிதை. உரக்கப் படித்தால் 'அமைதி' என்ற பலகையைக் காட்டாத ஒரு அறை வேண்டும். அப்புறம் எழுத்தாளர்களாகிய நாம் நம் டிசம்பர் பட்டியல்களைக் கொஞ்சகாலம் நிறுத்திவைக்கலாம். அந்தப் பக்கத்தைக் கோட்டைக்குப்பத்துக்கோ ஆண்டிக்குப்பத்துக்கோ கொடுத்துப் பார்க்கலாம்.

போன தை மாதம் மறுபடியும் போனேன். பெட்டி எதுவும் எடுத்துப்போகவில்லை, தோள்பையில் ஒரே ஒரு நாவல். அந்த டிசம்பரில் என் பட்டியலில் முதலிடம் கொடுத்திருந்த மொழிபெயர்ப்பு நாவல் அது. பெரியம்மா பையிலிருந்து எட்டிப்பார்த்த அட்டையைப் பார்த்துவிட்டார். "நீ இன்னா படிக்கிறே? நல்லா இருக்கா?" என்றார்.

"ரொம்ப நல்லா இருக்குக்கா."

"அப்ப சொல்லு கதைய."

சொல்லத் தொடங்கினேன். ஒரு கிழவர், ஒரு நகரம், ஒரு ரயில் நிலையம். நாற்பது பக்கம் வந்ததும் நின்றுவிட்டேன். அதற்குமேல் நான் படிக்கவில்லை. அட்டைக் குறிப்பையும் மதிப்புரையையும் வைத்து முதலிடம் கொடுத்திருந்தேன்.

"அப்பறம்?" என்றார் பெரியம்மா. சுற்றியிருந்த நான்கு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"முடிச்சிட்டு வந்து சொல்றேன்க்கா" என்றேன்.

"முடிக்காமயா நல்லா இருக்குன்னே?" என்று சிரித்துவிட்டு, தன் கதையின் ஐம்பத்திரண்டாம் பாகத்துக்குப் போனார். புருஷன் வாயைத் திறந்துவிட்டானாம். நகை திரும்பவில்லையாம். இப்போது அவனை நம்பலாமா கூடாதா என்பதில்தான் கரை இரண்டாகப் பிரிந்திருந்தது. பேருந்து வரும்வரை நானும் ஒரு கட்சியில் சேர்ந்து பேசிக்கொண்டிருந்தேன்.